பச்சையா, காய்ந்ததா? கோவண்டி அடுப்படியில் இலைகள்

மேல்நாட்டுச் சமையல் புத்தகங்களில் ஒரு வாய்பாடு உண்டு. பச்சை இலை மூன்று கரண்டி கேட்கும் இடத்தில் காய்ந்தது ஒரு கரண்டி போதும் என்பார்கள். ஓரிகானோ, தைம் போன்ற மத்தியதரைக்கடல் இலைகளுக்கு இது பொருந்தும். கிரேக்கர்கள் ஓரிகானோவைப் பச்சையில் பறித்துப் போடுவதைவிடக் கொத்தாகக் கட்டிக் காயவைத்து நொறுக்கிப் போடுவதையே விரும்புகிறார்கள். இதே கணக்கைக் கொத்தமல்லிக்குப் போட்டால் காலை வாரிவிடும். காய்ந்த மல்லித்தழையைக் கைநிறைய அள்ளிப் போட்டாலும் ரசத்தில் வைக்கோல் வாடைதான் வரும். வெந்தயக்கீரையில் கதை தலைகீழ். காய்ந்தபின்தான் அதற்கு ஊரைக் கூட்டும் மணம் வருகிறது.

ஆக, பச்சை உயர்ந்தது, காய்ந்தது அதற்கு மாற்று என்று பொதுவாகச் சொல்ல வழியில்லை. இலைக்கு இலை நியாயம் வேறு. மும்பையின் கிழக்குக் கோடியில், ஹார்பர் ரயில் பாதையில் செம்பூருக்கும் மான்குர்துக்கும் நடுவே கிடக்கும் கோவண்டியில் இந்தக் கேள்வி இன்னொரு வடிவம் எடுக்கிறது. எந்த இலையைப் பச்சையாக வாங்குவது, எதைக் காய்ந்ததாக வைத்துக்கொள்வது என்பதை அங்கே நாக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. குழாயில் தண்ணீர் எப்போது வருகிறது, வீட்டுக்குள் வெயில் விழுகிறதா, கீரை ஆய ஆளுக்கு நேரம் இருக்கிறதா என்பவை சேர்ந்து முடிவு செய்கின்றன. வீட்டுச் சமையல் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சுவையில் தொடங்கிச் சுவையில் முடித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த மூன்றிலிருந்து தொடங்கப் பார்க்கிறது.

கோவண்டியை ஒட்டிய தமிழர் குடியிருப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சீத்தா கேம்ப். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஊழியர் குடியிருப்பை ஒட்டி இருந்த ஜனதா காலனியை 1976 மே மாதம், நெருக்கடிநிலைக் காலத்தில், அரசு இடித்தது. சுமார் 70,000 பேர் டிராம்பே பக்கம் சதுப்பு நில ஓரத்தில் உள்ள இந்தச் சீத்தா கேம்புக்குக் கொண்டுவந்து விடப்பட்டார்கள். அதை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். பின்னாளில், 2000-இல், மகசேசே விருது பெற்றார். இடித்த இடத்திலிருந்து வந்தவர்களில் தமிழ் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறித்தவர்களும் இருந்தார்கள். அவர்களோடு உத்தரப் பிரதேசத்தார், மராட்டியர், மலையாளிகள், தெலுங்கர்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இவர்களைப் பற்றி எழுதப்படவில்லை. இவர்கள் சமையலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதே வட்டாரத்தில் 1927 முதல் மும்பையின் குப்பையைத் தாங்கி நிற்கும் தேவனார் குப்பைமேடு இருக்கிறது. 1971-இல் திறந்த தேவனார் ஆட்டுத்தொட்டியும் அங்கேதான். நகரத்தின் 24 வார்டுகளை வரிசைப்படுத்திய 2009-ஆம் ஆண்டு மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் கோவண்டி அடங்கிய எம்-கிழக்கு வார்டு கடைசி. மணக்கும் இலைகளைப் பற்றிப் பேச வந்த இடத்தில் குப்பைமேடு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

தமிழ் இலக்கியத்தில் இலை இரண்டு விதமாக உலைக்குப் போகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் வீட்டு விருந்தில், மாதுளம் பிஞ்சைப் பிளந்து வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடியோடு கறிவேப்பிலையைக் கலந்து படைக்கிறார்கள். இலையை மணத்துக்காகச் சேர்க்கும் அடுப்படி அது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் வேறொரு அடுப்பு எரிகிறது. பசியில் கிடக்கும் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இங்கே இலை மணத்துக்கு வரவில்லை, அதுவேதான் சோறு. கோவண்டியில் இந்த இரண்டு அடுப்புகளும் ஒரே சந்தில் எரிகின்றன. வேறுபாடு ஒன்றே ஒன்று. சங்ககாலத்துக் குப்பை வீட்டுக் கழிவும் சாணமும். தேவனார் குப்பையில் பேட்டரியும் பெயிண்டும் பிளாஸ்டிக்கும் எரிந்த சாம்பலும் கிடக்கின்றன. இந்த மேடு 2016 ஜனவரியில் பல நாள் புகைந்து நகரம் முழுவதையும் இருமவைத்தது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் காயைவிடக் கீரை எளிதில் இழுத்துக்கொள்ளும். எத்தனை முறை அலசினாலும் உள்ளே ஏறிய உலோகம் வெளியே வராது. எனவே குப்பைமேட்டு ஓரத்தில் தானாக முளைத்த கீரை எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் தொடவேண்டியதில்லை. காட்டுக்கீரையின் பெருமை பேசும் இன்றைய எழுத்துகளுக்கு இந்த ஒரு வரி அடிக்குறிப்பாவது தேவை.

தண்டவாளத்து ஓரக் கீரைக்கும் இதே சந்தேகம் உண்டு. ரயில்வே தன் காலி நிலங்களை உணவு உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்தின் கீழ்க் கடைநிலை ஊழியர்களுக்குப் பயிர்செய்யக் கொடுத்தது. மும்பைப் புறநகர் ரயிலில் போகிறவர்கள் பாலக், முள்ளங்கி, தண்டுக்கீரைப் பாத்திகளை ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள். பல இடங்களில் பக்கத்துச் சாக்கடை நாலாவே அவற்றுக்கு வாய்க்கால். சந்தைக்கு வந்தபின் எந்தக் கட்டு எங்கே விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நாசிக், புணே பக்கமிருந்து வாஷி மொத்தச் சந்தை வழியாக வருவதும் இதுவும் ஒரே தள்ளுவண்டியில் ஒன்றாகக் கிடக்கும்.

கோவண்டி நிலையத்துக்கு வெளியே மாலையில் விரியும் சந்தையில் தமிழ்ப் பெண்கள் மராத்திப் பெயர்களில்தான் இலை கேட்கிறார்கள். கோதிம்பீர், கடிபத்தா, மேத்தி, புதீனா. கட்டுக்கு ஜுடி என்று பெயர். காய் வாங்கி முடித்தபின் "பையா, தோடா கடிபத்தா டால் தோ" என்று சொல்வது கொசுறு கேட்பதன் மும்பை வழக்கம். கறிவேப்பிலையும் நாலு மிளகாயும் இலவசமாக விழுந்தால்தான் வியாபாரம் நிறைவாகும். இந்த வழக்கத்தின் வலு 2024 மே மாதம் பெரிய நிறுவனத்துக்கே புரிந்தது. செயலியில் மல்லித்தழைக்குக் காசு கேட்கிறார்களே என்று மும்பை அம்மா ஒருவர் அதிர்ந்துபோனதை அவர் மகன் எழுத, பிளிங்கிட் நிறுவனம் குறிப்பிட்ட காய்கறிகளோடு மல்லியைச் சும்மா தர ஏற்பாடு செய்தது. ஆனால் மழைக்காலத்தில் இந்தப் பெருந்தன்மை ஒளிந்துகொள்ளும். தழை அழுகி வரத்து குறைந்தால் ஜுடி மெலிந்து விலை தடித்துவிடும். ஜூலையில் மல்லிக் கொசுறு கேட்பவர் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும்.

நம்மூர் இலை வேண்டுமென்றால் மாட்டுங்கா. அங்கே ரயில் நிலையத்தைச் சுற்றிய கடைகளில் முருங்கைக்கீரை, வாழைப்பூ, மணத்தக்காளி வத்தல், சுண்டைக்காய் வத்தல், வேப்பம்பூ, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். தாராவியின் 90 அடிச் சாலைக் கடைகளிலும் கிடைக்கும், விலையும் கொஞ்சம் இறங்கி வரும். கோவண்டிக்காரர்களுக்கு இன்னொரு சந்தையும் உண்டு, அது ரயிலில் வருகிறது. மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸிலோ, பக்கத்துக் குர்லா முனையத்தில் வந்து நிற்கும் ரயில்களிலோ திரும்பும்போது துணிப்பைக்குள் வத்தலும் வடகமும் குழம்புப் பொடியும் வரும். காய்ந்த பொருளின் முதல் தகுதி இதுதான். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை இருக்கைக்கு அடியில் கிடந்தே தாங்கும்.

மும்பை கற்றுக்கொடுத்த இலைகளும் இருக்கின்றன. மல்லிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் நீண்ட புல்லைச் சுருட்டிக் கட்டி வைத்திருப்பார்கள். கவ்தீ சா என்பார்கள், நம் வாசனைப்புல்தான். இஞ்சியோடு இதைத் தட்டிப் போட்ட டீயைத் தமிழ்நாட்டில் அதிகம் பார்க்க முடியாது, மும்பைத் தமிழர் வீடுகளில் மழைக்காலத்தில் அது இல்லாமல் நடக்காது. பார்சிகள் இதோடு புதினாவும் சேர்ப்பார்கள். அடுத்து ஷேபூ. தமிழ்நாட்டில் சதகுப்பை விதையாகப் பிள்ளை பெற்றவளின் மருந்துப் பெட்டியோடு நின்றுவிட்டது. மராட்டியத்தில் அதே செடியின் பச்சைத்தழை பாசிப்பருப்போடும் பூண்டோடும் வதக்கிப் பாலூட்டும் தாய்க்குப் போடும் கறி. அக்கம்பக்கம் பழகிய வீடுகளில் ஷேபூ பருப்புக் கூட்டு ஆகிவிட்டது. தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றினால் அதன் தூக்கலான வாடை அடங்கி இதமாகிவிடுகிறது. புளிச்சக்கீரை அம்பாடி என்ற பெயரில் வண்டியில் வரும், கடைவது நம் மத்தில்தான்.

இனி இலைக்குள் போவோம். மணம் என்பது ஆவியாகும் எண்ணெய். காயவைக்கும்போது தண்ணீரோடு அதுவும் போய்விடுமா, தங்குமா, வேறொன்றாக மாறுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கொத்தமல்லித்தழையின் மணம் ஆல்டிஹைடு வகைச் சேர்மங்களால் வருவது. சூடு பட்டாலே பறந்துவிடும், காய்ந்தால் சுத்தமாகப் போய்விடும். அதனால்தான் ரசத்தை இறக்கியபின் தழை தூவுகிறோம். ஆனால் அந்தச் செடி நம்மைக் கைவிடவில்லை. முற்றியபின் அதன் விதையில் லினலூல் என்ற வேறு மணம் சேர்கிறது. அது காய்ந்து, வறுபட்டு, பொடியாகியும் நிற்கும். ஒரே குழம்பில் தனியா தொடக்கத்திலும் தழை முடிவிலும் போவது இந்தக் கணக்கில்தான். மல்லித்தழையைக் காயவைத்துப் புட்டியில் அடைத்து விற்பவர்களுக்குச் செடியே பதில் சொல்லியிருக்கிறது.

கறிவேப்பிலை இடைப்பட்ட சாதி. நிழலில் காய்ந்தால் பச்சை நிறம் நிற்கும், மணம் பெரும்பகுதி போகும். காய்ந்த இலையைத் தாளிப்பில் போட்டால் கருகுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாது. பச்சை இலையைக் காய்ந்த எண்ணெயில் போடும்போது கேட்கும் அந்தப் படபடப்பில் இலையின் நீர் வெளியேறி, மண எண்ணெய் தாளித்த எண்ணெய்க்குள் இறங்குகிறது, பிறகு குழம்பு முழுவதும் பரவுகிறது. காய்ந்த கறிவேப்பிலைக்கு உரிய இடம் பொடி. உளுந்து, மிளகு, பெருங்காயத்தோடு வறுத்துத் திரித்தால் இழந்த மணத்தை வறுவல் மணம் ஈடுசெய்கிறது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படும் இலை அப்போதுதான் வயிற்றுக்குள் போகிறது.

புதினா காய்ந்தும் ஓரளவு தாங்கும். டீக்கும் மோருக்கும் காய்ந்தது சரிப்படும், துவையலுக்கும் பிரியாணிக்கும் சரிப்படாது. தேவனாருக்குப் பக்கத்தில் இருப்பதால் கோவண்டியில் ஆட்டுக்கறியும் ஆட்டுக்காலும் புதுசாகக் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைப் புதினா விற்பனை அதற்குச் சாட்சி. அதே பிரியாணிச் சட்டியில் காய்ந்த கோஷ்டி ஒன்றும் உண்டு. மூன்று நரம்பு ஓடும் பிரியாணி இலை, கல்பாசி. கல்பாசியை மராட்டியர்கள் தகட்பூல் என்று தங்கள் கோடா மசாலாவில் போடுகிறார்கள். செட்டிநாட்டுக்கு மட்டும் சொந்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வாசனை, எதிர்வீட்டு மராட்டிய அம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலும் இருக்கிறது.

வெந்தயக் குடும்பத்தின் விசேஷம் சொட்டலோன் என்ற சேர்மம். விதையிலும் காய்ந்த தழையிலும் அது தூக்கி நிற்கும், பச்சையில் அடங்கியிருக்கும். கசூரி மேத்திக்குப் பெயர் தந்தது இன்று பாகிஸ்தானில் இருக்கும் கசூர். இந்தியாவில் இப்போது ராஜஸ்தானின் நாகௌர் வட்டாரம் அதற்குப் பேர்போனது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கி உருளைக்கிழங்குக் கறியிலோ பருப்பிலோ போட்டால் ஒரு சிட்டிகையே போதும். கோவண்டித் தமிழர் வீடுகளில் இது வட இந்தியப் பக்கத்துவீட்டார் தந்த பழக்கம். சாம்பாரில் போட்டுப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சாம்பாருக்குச் செய்யும் துரோகம். ஆனால் பூண்டுக் குழம்பில் நன்றாகவே பொருந்துகிறது.

காய்ந்ததால் மட்டுமே உயிர்பெறும் பொருள்களில் நம் அடுப்படிக்கு நிகரில்லை. வேப்பம்பூவைச் சித்திரையில் பச்சையாகப் போட்டால் பச்சடி, அதையே காயவைத்து நெய்யில் கருக வறுத்தால் ரசம். இரண்டும் வேறு வேறு உணவு. மணத்தக்காளியைப் புளித்த மோரில் உப்போடு ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் மறுபடி மோர் என்று பல நாள் மாற்றினால், பச்சைப்பழத்தில் இல்லாத ஒரு புளிப்புக் கசப்பு வருகிறது. விழுப்புரம், வேலூர், புதுச்சேரிப் பக்கத்துத் தாளிப்பு வடகம் இதன் உச்சம். சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் இடித்துப் பிசைந்து உருட்டி, தினமும் உதிர்த்துக் காயவைத்து மறுபடி உருட்டி, கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்துவைப்பார்கள். உடனடிச் சமையல் என்று இன்று விற்கப்படுவதை அந்தப் பெண்கள் பானைக்குள் எப்போதோ அடைத்துவைத்துவிட்டார்கள். ஒரு நெல்லிக்காய் அளவு வடகம் எண்ணெயில் விழுந்தால், வெங்காயம் நறுக்கவும் வேண்டாம், கறிவேப்பிலை உருவவும் வேண்டாம், கீரைக்கடையல் தயார்.

கோவண்டி வீட்டில் ஒரு வத்தக்குழம்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மூலையில் மேடை, மேடைமேல் இரண்டு பர்னர். நல்லெண்ணெய் மூன்று கரண்டி. மும்பையில் அது விலை அதிகம்தான், ஆனால் இந்த ஒரு குழம்புக்குச் சூரியகாந்தி எண்ணெய் எடுபடாது. எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் மணத்தக்காளி வத்தலைப் போட்டு, அது உப்பி நிறம் கறுக்கும் நேரத்தில் அரித்தெடுத்துவிட வேண்டும். கண் அசந்தால் கரி. அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம், ஒரு இணுக்குக் கறிவேப்பிலை. காய்ந்த மிளகாயை இந்த அறையில் தாளித்தால் பக்கத்து மூன்று வீடுகள் இருமும் என்பதால் பல பெண்கள் அதை விட்டுவிட்டுக் குழம்புப் பொடியில் காரத்தை முடித்துக்கொள்கிறார்கள். உரித்த பூண்டு, சின்ன வெங்காயம் வதங்கி, புளிக்கரைசலும் பொடியும் சேர்ந்து, கொதித்துச் சுண்டி ஓரங்களில் எண்ணெய் பிரியும்போது வறுத்த வத்தலைக் கொட்டி இறக்க வேண்டியதுதான். கழுவ ஒரு இணுக்கு இலைதான், ஆய ஒன்றுமில்லை. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மறுநாளும் கெடாது, சுவை கூடும். தண்ணீர் வராத நாளின் சமையல் இது.

தண்ணீர் வந்த நாளில் கீரை. இப்படி ஒரு பிரிவினை இருப்பதை யாரும் சட்டமாகச் சொல்வதில்லை, வாங்கும் பழக்கத்தில் தெரியும். ஒரு கட்டு மல்லியையோ தண்டுக்கீரையையோ மண் போக அலச மூன்று தண்ணீர் வேண்டும். குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் சந்துகளிலும், டேங்கர் தண்ணீரை விலைகொடுத்து வாங்கும் சந்துகளிலும் அந்த மூன்று தண்ணீர் கீரையின் விலையோடு சேரும். கறாரான வீட்டுக்காரிகள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அகலமான பாத்திரத்தில் நீர் நிறைத்துக் கீரையை அமுக்கி ஆட்டிவிட்டுச் சற்று நேரம் விடுவார்கள். மண் அடியில் தங்கியதும் கீரையை அள்ளி எடுப்பார்கள். கீரையோடு நீரைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேலேயே ஏறும். எஞ்சிய நீர் வாசல் கழுவப் போகும்.

இங்கேதான் துவையலுக்கும் சட்னிக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகிறது. மும்பையின் பச்சைச் சட்னி, அதாவது சாண்ட்விச்சிலும் வடாபாவிலும் தடவுவது, வேகாத இலை. மல்லியும் மிளகாயும் அப்படியே அரைபடும். நாலாத் தண்ணீரில் விளைந்து அரைகுறையாக அலசிய இலையின் கிருமிகள் அதில் அப்படியே இருக்கும். நம் துவையலில் உளுந்தும் மிளகாயும் வறுபட்டபின் மல்லியை அதே சட்டியில் சுருள வதக்கி, புளியும் தேங்காயும் சேர்த்து அரைக்கிறோம். மணத்தில் கொஞ்சம் இழப்புதான். ஆனால் இலை சூடு கண்டுவிடுகிறது, நாளும் தாங்குகிறது. உலோகத்துக்கு இது மருந்தல்ல, கிருமிக்கு மருந்து. சுத்தமான தண்ணீர் நிச்சயமாக இருக்கும் வீட்டில் பச்சைச் சட்னி அரைக்கட்டும், கோவண்டியின் பெரும்பகுதியில் வதக்கிய துவையலே புத்திசாலித்தனம். இன்னொன்று: துவையலுக்கு இலையை ஆயவே வேண்டாம். மல்லித் தண்டில் மணம் இலைக்குக் குறைவில்லாமல் இருக்கிறது, இளந்தண்டை அப்படியே நறுக்கிப் போடலாம். தண்டை வெட்டி எறிபவர் காசு கொடுத்து வாங்கிய கட்டில் பாதியை எறிகிறார்.

வெயிலுக்கு வருவோம். தகரக் கூரை வீடுகளில் வசதிகள் குறைவு, ஆனால் கூரைமேல் ஒரு முறம் வைக்க இடமிருந்தது. திட்டங்களுக்காக அகற்றப்பட்டவர்கள் நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற மாடிக் கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்தபோது 225 சதுர அடி வீடும் உள்ளேயே கழிப்பறையும் கிடைத்தன. வெயில் போய்விட்டது. கட்டடங்களுக்கு இடையே சில மீட்டர் இடைவெளிதான். கீழ்த்தள வீடுகளில் பகலிலும் விளக்கு எரியும். வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத இந்த அமைப்புக்கும் அங்கே பெருகிய காசநோய்க்கும் உள்ள தொடர்பை டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் மும்பை ஐஐடியும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2018-இல் எடுத்துக்காட்டியது. காசநோய்க்கு முன்னால் வத்தல் ஒரு பொருட்டா என்றால், இல்லைதான். ஆனால் இரண்டும் ஒரே வெயிலின்மையின் விளைவுகள். கட்டடம் வரைந்தவர்கள் ஜன்னலில் கம்பிவலை வரைந்தார்கள், அதில் ஒரு கை வெயில் விழுமா என்று பார்க்கவில்லை. அந்தக் கம்பிவலைக்குள் பெயிண்ட் டப்பாவில் கற்பூரவல்லியும் துளசியும் வளர்கின்றன. அரைநிழலிலும் கற்பூரவல்லி பிழைத்துக்கொள்ளும். அதன் இலையைக் கடலைமாவில் தோய்த்துப் போடும் பஜ்ஜி சளிக்கு நல்லது என்பார்கள். சளிக்கு எப்படியோ, மழை நாளுக்கு நல்லது.

மருத்துவக் குணங்களைப் பற்றி இதற்குமேல் பேச எனக்கு விருப்பமில்லை. தூதுவளை, முடக்கத்தான், வல்லாரை எல்லாம் நல்ல உணவுகள். துவையலாகவும் தோசையாகவும் அவற்றைச் சாப்பிடலாம். சர்க்கரையையும் மூட்டுவலியையும் அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது வேறு விஷயம்.

சத்து பற்றி மட்டும் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும், ஏனென்றால் பச்சைக்கும் காய்ந்ததற்கும் நடுவே இன்று நடக்கும் பெரிய வியாபாரம் அதில்தான். முருங்கை இலைப் பொடியில் பாலைவிட 17 மடங்கு கால்சியம், பசலையைவிட 25 மடங்கு இரும்பு என்று டப்பாக்களில் அச்சிடுகிறார்கள். தண்ணீர் வற்றிய பொடியின் 100 கிராமை, தண்ணீர் நிறைந்த பாலின், பச்சைக் கீரையின் 100 கிராமோடு ஒப்பிட்ட எண்கள் அவை. பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்கு தண்ணீர். அதை எடுத்துவிட்டால் எந்த இலையும் பல மடங்கு ஆகத்தான் செய்யும். தவிர, பொடியை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு கரண்டியில் ஆறேழு கிராம் இருந்தால் அதிகம். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் பருப்போடு வதக்கிச் சாப்பிடுகிற குழந்தைக்கு அந்த டப்பா தேவையில்லை. மும்பையில் ஷேவ்கா எனப்படும் முருங்கை மரத்துக்குப் பஞ்சமும் இல்லை. காயைப் பறித்துக்கொண்டு இலையைக் கழிவாக விடுகிற வழக்கம்தான் பரவலாக இருக்கிறது.

கறிவேப்பிலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் அதன் கால்சியம் 100 கிராமுக்கு 650 மில்லிகிராமைத் தாண்டுகிறது. தாளிப்பில் போடும் ஒரு இணுக்கு இரண்டு மூன்று கிராம் தேறாது, அதையும் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறோம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தழை தூவி இதைச் சரிசெய்ய முடியாது. கீரையிலுள்ள இரும்பு உடலில் சேர்வதே கடினம், ஆக்சலேட்டும் டீயின் துவர்ப்பும் குறுக்கே நிற்கும். கீரைச் சோற்றோடு எலுமிச்சை பிழிவதும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் இருப்பதும் கொஞ்சம் உதவும். மருந்தகத்தின் இரும்பு மாத்திரையும் வாரத்தில் ஓரிரு முறை ஈரலும் அதைவிட அதிகம் உதவும். தேவனார்ப் பக்கத்தில் ஈரல் வாங்குவது கடினமில்லை.

காயவைப்பதிலும் சத்துக்கணக்கு உண்டு. முருங்கையையும் கறிவேப்பிலையையும் நேர்வெயிலில் போட்டால் வைட்டமின் ஏ ஆகும் கரோட்டின் பெரிதும் அழிகிறது, நிழலில் காற்றாடக் காயவைத்தால் கூடுதலாக நிற்கிறது. வைட்டமின் சி எப்படிக் காயவைத்தாலும் பெரும்பாலும் போய்விடும். ஆக, இலைக்கு நிழல், வத்தலுக்கு வெயில். வெயில் விழாத மாடி வீட்டுக்காரர்களுக்கு இது ஒரு வகையில் சாதகம். மின்விசிறிக்குக் கீழே வெள்ளைத் துணியில் பரப்பிய கறிவேப்பிலை இரண்டு மூன்று நாளில் சலசலவென்று ஆகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் இந்த முயற்சி வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் இலையைக் காயவிடாது, பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் பச்சை இலையை ஈரம் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றி வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடலாம், அல்லது நல்லெண்ணெயில் வதக்கிப் புளியும் உப்பும் சேர்த்துத் தொக்காக்கிவிடலாம். மழை விட்டதும் அக்டோபரில் மும்பையில் வெயில் மறுபடி சுள்ளென்று அடிக்கும். கறிவேப்பிலைப் பொடிக்கும் புதினா காயவைக்கவும் அந்த மாதம் போதும். மணத்தக்காளிக்கும் தாளிப்பு வடகத்துக்கும் போதாது. அவற்றுக்குச் சித்திரை வெயிலும் மொட்டைமாடியும் வேண்டும், அதற்கு ஊரிலிருக்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ மாசியிலேயே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.